மூன்றாவது பின்

ஜூன் 6, வெள்ளி

மாலை 4.42.

அளவெடுக்கும் அறையை விட்டு வெளியே வந்து, வாசலில் இருக்கும் மரப்பெட்டியிலிருந்து என் போனை எடுத்த நேரம் அது. அறைக்குள் போன் கூடாது என்பது எங்கள் கம்பெனி விதி. பதினொரு தவறிய அழைப்புகள். எல்லாமே சுகன்யாவின் எண். திரும்ப அழைத்தேன். ஒரு ஆண் எடுத்தான்.

"அண்ணா, நான் ஆல்வினுங்ணா. அக்காகூட ஆபீஸ்ல வேல பாக்கறேன்."

"அவகிட்ட குடு."

"இல்லீங்ணா... குடுக்க முடியாதுங்ணா. தலை வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரி வந்தோம். உள்ள ரத்தக்குழாய் வெடிச்சிருச்சுன்னு சொல்றாங்க. அக்கா போயிட்டாங்கண்ணா."

"நீ எதுக்கு அவ போன எடுக்கற?" என்று கேட்டேன்.

மனைவி இறந்த செய்திக்கு நான் சொன்ன பதில் அதுதான். எழுதி வைக்கிறேன். எடுத்த அளவை உடனே எழுதிவிட வேண்டும், ஞாபகத்தை நம்பக் கூடாது என்பது வேலையில் கற்றது.

ஜூன் 8, ஞாயிறு

நேற்று எல்லாம் முடிந்தது.

வெள்ளி இரவு அவளைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். காலையில் அவள் ஆட்டி வைத்த மாவு பொங்கி, பாத்திர மூடியைத் தள்ளிக்கொண்டு மேடையெல்லாம் வழிந்து கேஸ் அடுப்பு வரை போயிருந்தது. துடைத்தேன். காய்ந்த இடத்தைக் கரண்டியால் சுரண்டினேன். பர்னரைக் கழற்றிக் கழுவினேன். சுகன்யாவின் அக்கா கோமதி வந்து, "தம்பி, அங்க வந்து உக்காருங்க, சனம் என்ன நினைக்கும்" என்று கையிலிருந்த துணியைப் பிடுங்கும் வரை துடைத்துக்கொண்டே இருந்தேன்.

மின்மயானத்தில் நான் அழவில்லை. ஆல்வின் அழுதான். சுவரில் சாய்ந்துகொண்டு, மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு. இருபத்தாறு வயது இருக்கும். இரண்டு பெண்கள் அவனுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்துத் தேற்றினார்கள். எனக்கு யாரும் கொடுக்கவில்லை. எனக்குத் தாகமும் இல்லை.

ஜூன் 12, வியாழன்

பீரோ மேல் போர்வை மூட்டைக்குப் பின்னால் ஒரு பெட்டி இருந்தது. பச்சை பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டி, இரண்டு செங்கல் அகலம். பித்தளைப் பூட்டு. இதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

அவள் கைப்பை, பீரோ, சமையலறை ஆணி, ஸ்கூட்டர் டிக்கி எல்லாவற்றிலும் தேடினேன். அவளுடைய பதினான்கு சாவிகளையும் போட்டுப் பார்த்தேன். எதுவும் சேரவில்லை.

மூன்று வருடக் கல்யாணத்தில் இந்த வீட்டில் எனக்குத் தெரியாமல் ஒரு பூட்டு தொங்கியிருக்கிறது.

துணி துவைத்தேன். மொட்டைமாடிக் கம்பிக்கதவைத் திறந்து காயப்போட்டேன். போனை சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். குளிக்கப் போகும்போதும் பாலிதீன் பையில் சுற்றி எடுத்துப் போகிறேன். ஆறாம் தேதியிலிருந்து அது என் கையை விட்டுப் போகவில்லை. அணைக்கவும் இல்லை. யார் கூப்பிடப் போகிறார்கள் என்று தெரியவில்லை.

ஜூன் 14, சனி

காலை 10.05க்கு ஆல்வின் கூப்பிட்டான். எடுக்கவில்லை.

சனிக்கிழமை பத்து மணி. அவள் கிளம்பிப் போகும் அதே நேரம். ஆபீஸ் ஆட்கள் நான்கு பேர் சரவணம்பட்டியில் ஒருவர் வீட்டில் கூடிப் பூட்டுத் திறப்பார்கள். சாவி இல்லாமல், மெல்லிய கம்பியால். ஆரம்பித்து வைத்தவன் ஆல்வின். முதல் தடவை அவள் சொன்னபோது, "திருடறதுக்கா?" என்று கேட்டேன். "ஆமா, உன் மனச" என்று சொல்லிச் சிரித்தாள். அவர்களுக்கு இரண்டே விதிகளாம். சொந்தமில்லாத பூட்டைத் தொடக் கூடாது. புழக்கத்தில் இருக்கும் பூட்டைத் தொடக் கூடாது.

நீயும் வா என்று கூப்பிட்டாளா என்பது சரியாக நினைவில்லை. கூப்பிட்டிருக்கலாம். சனிக்கிழமைகளில் நான் தூங்குவேன்.

ஆல்வினிடம் பெட்டியைக் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் திறந்துவிடுவான். ரம்பம் போட்டால் ஐந்து நிமிடம். அவன் திறக்கக் கூடாது. அறுத்தால், அவள் பூட்டை நான் அறுத்தேன் என்பது எப்போதும் இருக்கும். நானே திறக்க வேண்டும், அவன் திறக்கிற மாதிரி.

ஜூன் 18, புதன்

வேலையில் அளவு தவறிப்போன கருவிகளுக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டி ஓரமாகப் போட்டுவிடுவோம். விடுப்பு எழுதிக் கொடுக்கப் போனபோது அதிலிருந்து ஒரு ஃபீலர் கேஜ் எடுத்து வந்தேன். இடைவெளி பார்க்கும் மெல்லிய எஃகுத் தகடுகளின் கொத்து அது. அரை மில்லிமீட்டர் தகட்டின் நுனியை அரத்தால் தேய்த்துச் சின்னக் கொக்கி ஆக்கினேன். இன்னொன்றை எல் வடிவில் வளைத்தேன். வீடியோக்களைச் சத்தமில்லாமல் பார்த்தேன்.

விஷயம் எளிது. பூட்டுக்குள் ஒரு உருளை. அது சுற்றாமல் ஐந்து பின்கள் மேலிருந்து ஸ்பிரிங்கால் தடுத்து நிற்கின்றன. வளைந்த தகட்டால் உருளையை லேசாகத் திருப்பியபடியே இருக்க வேண்டும். ஐந்தில் ஏதோ ஒரு பின் முதலில் இறுகும். கொக்கியால் அதைத் தூக்கினால் சரியான உயரத்தில் 'டிக்' என்று நிற்கும். பிறகு அடுத்தது இறுகும். ஒவ்வொன்றாக, ஐந்தும் நின்றால் திறக்கும். அதிகம் தூக்கினால் கெட்டது, விட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மைக்ரான் பார்க்கிறவன் நான். ஒரு வாரம் போதும்.

ஜூன் 19, வியாழன்

ஒன்றும் நிற்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

இப்படியே போனால் அவள் பூட்டைக் கெடுத்துவிடுவேன் என்று பயம் வந்தது. பழகுவதற்கு அதே கம்பெனி, அதே அளவில் ஒன்று வாங்கக் கணபதி ஹார்டுவேர் கடைக்குப் போனேன்.

"சாவி வேண்டாங்க, பூட்டு மட்டும் போதும்" என்றேன்.

கடைக்காரர் கண்ணாடியைக் கீழே இறக்கிப் பார்த்தார். "சாவி இல்லாம பூட்ட வெச்சு என்ன பண்ணுவீங்க?"

"திறந்து பழகறேன்."

"யாரு வூட்ட?"

"என் வூட்ட."

"மச்சான், இங்க வா, இவரு சொந்த வூட்டுல திருடப் போறாராமா" என்று உள்ளே குரல் கொடுத்தார். பிறகு என் சவரம் செய்யாத முகத்தைப் பார்த்துவிட்டு, சிரிப்பை நிறுத்திக்கொண்டு, சாவிகளையும் பையில் போட்டுத்தான் கொடுத்தார்.

ஜூன் 25, புதன்

மாலை 6.20க்குப் பழகும் பூட்டு திறந்தது.

இத்தனை நாளும் என் தவறு அழுத்தம்தான். ஸ்குரூ திருகுவது போல் திருகிக்கொண்டிருந்தேன். இறுக்கிப் பிடித்தால் ஐந்து பின்னும் மொத்தமாக மாட்டிக்கொண்டு எதுவும் சொல்லாது. விரலின் எடை மட்டும் போதும் என்று தெரிந்ததும் அது தானாகப் பேசிற்று. பூட்டின் மேல் கம்பி குதித்து எழுந்த சத்தத்தில், "சுகி, இங்க பாரு" என்று சொல்லிவிட்டேன். வாய்விட்டு. சமையலறை பக்கம் திரும்பி.

அதன் பிறகு செய்யக் கூடாததைச் செய்தேன். அவள் போனைத் திறந்து வீடியோக்களைப் பார்த்தேன். ஒன்றில் ஆல்வினின் கைகள், ஒரு பூட்டு. படம் பிடிப்பது அவள். 41 விநாடி. "டேய் டேய், இழுக்காத, மெதுவா... ஐயோ போச்சு!" என்று சிரிக்கிறாள். மூச்சு வாங்கிச் சிரிக்கிறாள். ஆறு தடவை பார்த்தேன். இந்தச் சிரிப்பு என்னிடம் கடைசியாக எப்போது வந்தது என்று யோசித்தேன். நான் அவளைச் சிரிக்க வைக்கவில்லை என்பதில்லை. நான் டிவி பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

அவன் கைகள் மெலிந்தவை. நகம் சுத்தமாக வெட்டியிருக்கிறான்.

ஜூலை 1, செவ்வாய்

வேலைக்குத் திரும்பினேன். போனை மரப்பெட்டியில் வைக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். மேலதிகாரி சண்டை போடவில்லை. நடைபாதையில் ஒரு மேசை போட்டுக் காகித வேலை கொடுத்திருக்கிறார். கண்ணாடி வழியாக அளவறை தெரிகிறது.

முதல் அழைப்பு வந்தது 2.58க்கு. அவள் இறந்தது 3.40க்கு. அந்த நாற்பத்திரண்டு நிமிடமும், அதற்குப் பிறகும் ஒரு மணி நேரமும், நான் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் பம்ப்பில் போடும் புஷ் வளையம் ஒன்றின் உள்விட்டத்தைத் திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருந்தேன். நான்கு மைக்ரான் வித்தியாசம் வந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தும் விட்டேன்.

அவன் அவள் பக்கத்தில் இருந்தான்.

மாலையில் பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்தேன். முதல் இரண்டு பின்களும் நிற்கின்றன. மூன்றாவதுதான் பிடிகொடுக்க மறுக்கிறது. பழகும் பூட்டில் எந்தப் பின்னும் இவ்வளவு உயரம் கேட்கவில்லை. இதைத் தூக்கிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. இதற்கு மேல் இருக்காது என்று நான் நிறுத்தும் இடத்தில் அது இன்னும் பாதி வழியில் இருக்கிறது.

ஜூலை 5, சனி

முப்பதாம் நாள் கும்பிட்டோம். கோமதி அக்கா அவள் புடவைகளைப் பிரித்துக் கட்டினார். பச்சைப் பெட்டி கண்ணில் பட்டது.

"இதுல என்னங்க தம்பி?"

"தெரியலைங்க்கா. சாவி இல்ல."

"எல்லாச் சாவியும் போட்டுப் பாத்தீங்களா?"

"அவளோட சாவி ஒண்ணு விடல."

ஆல்வின் வந்திருந்தான். யார் கூப்பிட்டார்கள் என்று தெரியவில்லை. சாப்பிட்ட இலையை மடித்துக்கொண்டிருந்தவனை அக்கா கையோடு இழுத்து வந்தார். "ஏனுங் தம்பி, நீங்க பூட்டுத் தொறக்கற ஆளாமே? இத செத்தத் தொறந்து குடுங்க."

அவன் பூட்டைப் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரிந்தது அவனுக்கு. அந்த முகத்தை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"இது அண்ணனோட பூட்டுங்க" என்றான். "நான் தொட மாட்டனுங்க."

"அட, அவருக்கே சாவி இல்லீங்கறேன்!"

"அண்ணன் வாயால சொன்னா சரிங்க."

நான் சொல்லவில்லை. அக்கா பெருமூச்சு விட்டார். "ஆக்சா பிளேடு வெச்சு அறுத்தா தீந்துச்சு. எங்கம்மா அவ சாமான் ஒண்ணு விடாம கேக்குது தம்பி. அதுக்கு வேற என்ன இருக்கு சொல்லுங்க."

"ஒரு வாரம் குடுங்கக்கா. அடுத்த சனிக்கிழம நாலு மணிக்கு வாங்க. நான் திறக்கலைன்னா அறுத்துக்கலாம்."

கிளம்பும்போது ஆல்வின் வாசலில் தயங்கி நின்றான். "அண்ணா, கார்ல அக்கா இருவது நிமிசம் நல்லாத்தான் பேசிட்டு வந்தாங்க. அத உங்ககிட்ட சொல்லணும்னுதான்..."

"மாடில துணி கெடக்குது. மழை வர்ற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படியேறினேன். மழை வரவில்லை. கம்பிக்கதவைத் திறந்துகொண்டு போய் காயாத துணிகளையும் எடுத்தேன்.

இருபது நிமிடம். அவளுடைய கடைசி இருபது நிமிடம் அவன் சட்டைப்பையில் இருக்கிறது. அதைப் பிரசாதம் போல எனக்குக் கிள்ளிக் கொடுக்க வருகிறான். வேண்டாம். அவன் கொடுத்து நான் வாங்கிக்கொள்ள மாட்டேன். என்னுடையதை நானே எடுத்துக்கொள்வேன். பெட்டியில் இருக்கிறது.

ஜூலை 9, புதன்

ஆல்வின் மூன்று தடவை. எடுக்கவில்லை. மூன்றாவது பின்னும் நிற்கவில்லை.

ஜூலை 12, சனி

காலை 11.37.

கண்ணை மூடிக்கொண்டேன். முதல் பின், இரண்டாவது, ஐந்தாவது, நான்காவது. உருளை ஒரு நூல் திரும்பி நின்றது. மூன்றாவதைத் தூக்கினேன். நிறுத்தத் தோன்றிய இடத்தில் நிறுத்தாமல் இன்னும் தூக்கினேன். தவறு என்று தோன்றும் உயரத்துக்கும் மேலே போனேன். 'டிக்'.

மேல் கம்பி எழுந்தது. உடனே மூடியைத் திறக்கவில்லை. கைகளைக் கழுவிவிட்டு வந்தேன்.

கடிதம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். போட்டோ இருக்கும். அவன் கொடுத்த ஏதாவது இருக்கும். இருந்தவை: பிடியில் துணி சுற்றிய, தேய்ந்த கம்பிகள் ஒரு கட்டு. அதே போல இன்னொரு கட்டு, புதிது, உறை பிரிக்காதது. நாற்பது பக்க நோட்டு ஒன்று.

நோட்டில் அவள் கையெழுத்தில் பட்டியல். எந்தப் பூட்டு, எந்தத் தேதி, எத்தனை நிமிடம். முதல் பக்கத்தில் 'சுகி' என்று தலைப்பு. பதினேழு பூட்டுகள். அடுத்த பக்கத்தில் 'நவீ' என்று தலைப்பு. வீட்டில் அவள் மட்டும் என்னைக் கூப்பிடும் பெயர். அதே பதினேழு பூட்டுகளையும், இந்தப் பெட்டிப் பூட்டை முதலில் வைத்து, வரிசையாக எழுதி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு வைத்திருக்கிறாள். நேரம் எழுதும் கட்டங்கள் காலியாக இருந்தன.

ஆல்வினுக்குப் பக்கம் இல்லை. கடைசி வரை புரட்டிப் பார்த்தேன். அதில் எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதி வைக்க வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அளவு அளவுதான்.

பிறகு பூட்டைப் பிரித்தேன். மேல் கம்பி இறங்கும் குழிக்குள் ஒரு ஸ்குரூ இருக்கிறது, திறந்தால்தான் கைக்கு எட்டும். அந்த மூன்றாவது பின் அப்படி என்ன அதிசயம் என்று பார்க்க வேண்டும். ஐந்தையும் வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்து டிஜிட்டல் வெர்னியரில் அளந்தேன். 6.2, 5.8, 4.1, 6.6, 5.4. முனைகளில் அரத்தின் கீறல்கள். கம்பெனியில் செய்த பின்கள் இல்லை. யாரோ கையால் தேய்த்து அளவு மாற்றியிருக்கிறார்கள். இந்தப் பூட்டு வேறொரு சாவிக்காகத் திருத்தப்பட்டிருக்கிறது.

எந்தச் சாவி என்று தெரியாமல், துணி எடுக்க மாடிக்குப் போனேன். கம்பிக்கதவில் என் கொத்திலிருந்த சாவியை நுழைக்கும்போது கை நின்றது. அதே கம்பெனி. ஐந்து பல். நடுப்பல் மட்டும் மலை மாதிரி உயர்ந்து நிற்கிறது.

கீழே ஓடி வந்து பல்லின் உயரங்களை அளந்தேன். ஒவ்வொரு பல்லோடும் அதனதன் பின்னைக் கூட்டினேன். ஐந்து இடத்திலும் ஒரே கூட்டுத்தொகை, 11.0. பின்களைத் திரும்பப் போட்டுப் பூட்டினேன். மாடிச் சாவியை நுழைத்துத் திருப்பினேன்.

வெண்ணெய் மாதிரி திறந்தது.

ஒரு மாதமாக அந்தச் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. தினமும் அதைத் திருப்பி அவள் இல்லாத துணிகளைக் காயப்போட்டிருக்கிறேன். அவளுடைய பதினான்கையும் சோதித்தவன் என் கொத்தில் இருக்கும் ஐந்தை ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்கவில்லை. என்னை வெளியே நிறுத்தத்தான் பூட்டியிருக்கிறாள் என்று பெட்டியைப் பார்த்த நாளிலேயே முடிவுசெய்துவிட்டேன்.

நான்கு மணிக்குக் கோமதி அக்கா ரம்பத்தோடு வந்தார். சாவியைப் போட்டுத் திறந்து காட்டினேன்.

"அட, சாவி எங்கங்க கெடந்துச்சு?"

"எங்கிட்டதாங்க்கா."

நோட்டைப் புரட்டினார். 'நவீ' பக்கத்தில் விரல் வைத்துக் காலிக் கட்டங்களின் மேல் கீழே வரை இழுத்தார். தேய்ந்த கம்பிக் கட்டை மட்டும் அம்மாவுக்கென்று எடுத்துக்கொண்டார். "பொட்டி இங்கயே இருக்கட்டும்" என்று ரம்பத்தைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு போனார்.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் ஆல்வினை நான் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான். மூன்று மணிக்கு வந்தான். காபி போட்டேன். சர்க்கரை அதிகம். குடித்தான்.

"பூட்டு தொறந்துட்டேன்" என்றேன். "கம்பி போட்டுத்தான். அப்புறந்தான் சாவியப் பாத்தேன்."

கண் விரிந்தது அவனுக்கு. "கம்பிலயா? அந்த மூணாவது பின்னயா? எனக்கே ரெண்டு நாள் ஆச்சுங்ணா! அக்கா உக்காந்து தேச்சாங்க. நாலு பின் பாழாப்போச்சு. உங்க கல்யாண நாளுக்குக் குடுக்கறேன்னாங்க. 'அவரு எல்லாத்தையும் அளந்து பாப்பாருடா, தன் சாவிய மட்டும் பாக்க மாட்டாரு, இரு வேடிக்க பாப்போம்'னு ஒரே சிரிப்பு."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?"

"போன எடுத்தாத்தானுங்ணா சொல்லலாம்."

சிரிப்பு வந்தது எனக்கு. பிறகு நானே கேட்டேன். "கார்ல என்ன பேசினா?"

தம்ளரைக் கீழே வைத்தான். முப்பத்தேழு நாள் சுமந்தவன் போல மெதுவாக இறக்கினான். "சும்மா தலைவலின்னுதானுங்ணா நெனச்சாங்க. உங்களுக்குப் போன் போடட்டுமான்னேன். 'வேணாண்டா, அவரு போன் பொட்டிக்குள்ள இருக்கும், சாயங்காலந்தான் எடுப்பாரு, அதுக்குள்ள நானே பேசிருவேன்'னாங்க. அப்புறம் எங்கம்மா சுகருக்கு எந்த டாக்டரப் பாக்கறீங்கன்னு கேட்டாங்க. ஏசி கொறைக்கச் சொன்னாங்க. ஆஸ்பத்திரி கேட்டுகிட்ட வரும்போதுதான்..." நிறுத்தினான். "ஒரு மாதிரி பேச்சு கொழறுச்சுங்ணா. அப்பவும் உங்களுக்குத்தான் ஒண்ணு சொன்னாங்க. இத எப்படிச் சொல்றதுன்னே தெரியாமத்தான் இத்தன நாளு..."

"சொல்லு."

"'மாவு வெளியவே இருக்கு. பிரிட்ஜ்ல எடுத்து வெக்கச் சொல்லு. இல்லைன்னா பொங்கிரும்.' அவ்வளவுதானுங்ணா. அதுக்கப்புறம் பேசல."

அவன் என் முகத்தைப் பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான். இதற்காகவா இத்தனை தடவை கூப்பிட்டாய் என்று நான் கேட்பேன் என்று எதிர்பார்த்திருப்பான்.

"பொங்கிருச்சு" என்றேன்.

"என்னங்ணா?"

"மாவு. பொங்கிருச்சு. அடுப்பு வரைக்கும் போயிருச்சு. நான்தான் தொடச்சேன்."

முதல் தடவையாக அழுகை வந்தது. சத்தமாக வந்தது. அவன் எழுந்து வந்து என்ன செய்வதென்று தெரியாமல், மயானத்தில் அவனுக்கு யாரோ செய்ததைப் போல, சமையலறையில் தேடி ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். வாங்கிக் குடித்தேன்.

இப்போதும் எனக்குப் பொறாமைதான். அந்தக் குழறலைக் கேட்டது அவன் காது. ஏசியைக் குறைத்தது அவன் கை. அது மாறப்போவதில்லை. ஆனால் அவள் சொல்லி அனுப்பியது இப்போது வந்து சேர்ந்துவிட்டது.

ஆறு மணிக்குக் கிளம்பினான். "சனிக்கிழம பத்து மணிங்ணா" என்றான். பார்க்கலாம் என்றேன்.

நோட்டை எடுத்து 'நவீ' பக்கத்தில் முதல் கட்டத்தை நிரப்பினேன். பச்சைப் பெட்டிப் பூட்டு. ஜூலை 12. நேரம்: இருபத்து நான்கு நாள். மற்ற பதினாறும் காலி.

சாயங்காலம் அரிசியும் உளுந்தும் ஊற வைத்திருந்தேன். இப்போதுதான் ஆட்டி முடித்தேன். காலையில் சீக்கிரம் எழுந்து பிரிட்ஜில் வைக்க வேண்டும். அலாரம் கடிகாரத்தைத் தேடி எடுத்துச் சாவி கொடுத்து வைத்திருக்கிறேன்.

போனை அணைத்துவிட்டேன்.